மாமனார் பேர் உள்ள மருந்து

கோக்-சாய்
பிப்ரவரி 4, 2004

பட்டணத்துச் சோப்பு நுரைக்குள்ள கை மறைஞ்சு போன என் தங்கச்சி கனிஷாய்க்கு, கிராமத்துச் சாணிக்குள்ள கை மறைஞ்சு போன உன் ஓரகத்தி ஊல்கான் எழுதறது.

எல்லாரும் சுகம். மாடு சுகம். மாமாவுக்குக் கீழ்வரிசைப் பல்லு ஒண்ணு போச்சு, மத்தபடி சுகம். உன் மச்சினர், அதான் என் வீட்டுக்காரர், ஆட்டோட மலையில குளிர்கால மேய்ச்சல்ல இருக்கார். ஆடும் சுகம்னு சொல்லி அனுப்பினார். தன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல, ஆட்டுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம், சேர்த்தே வச்சுக்க.

ரெண்டு கடுதாசி போட்டேன், பதில் இல்ல. ஓட்டல்ல அண்டா கழுவறவளுக்கு ஒரு பேனா கிடைக்கலையாக்கும். நாலாவதோட பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிப்போச்சு, நானே எழுதறேன். ஏழாவது படிச்ச உனக்கு என்ன கேடு?

நம்ம வாலுவைப் பத்திச் சொல்றேன். உன் புருஷன்னு எழுதினா நீ கடுதாசியைக் கிழிச்சுப் போடுவே, அதனால என் கொழுந்தன் வாலுன்னே வச்சுக்கறேன். கல்யாணமாகி வந்த அன்னைக்கு நான் வச்ச பேருதானே. முதல் பனிக்கு முன்னாடியே எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். நோய் நடுக்கம்புல இறங்கிடுச்சு. முதுகெலும்புக்கு நம்ம பேச்சுல உள்ள வார்த்தையை நான் எழுத முடியாது, அதுக்குள்ள மாமா பேர் படுத்திருக்கு. இப்ப கூத்தைக் கேளு. பட்டணத்துப் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தார் பார் வலி மருந்து, அதுலயும் மாமா பேர் பாதி உட்கார்ந்திருக்கு. வலிக்கிற இடத்தையும் சொல்லக்கூடாது, மருந்தையும் சொல்லக்கூடாதுன்னா மருமக எப்படித்தான் வைத்தியம் பாக்கறது? நான் அதுக்கு 'அடக்கி'ன்னு பேர் வச்சுட்டேன். வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.

கம்பவுண்டர் எசென் காலி ஊசிக் குப்பி ஆறு கொண்டுபோய்க் கொடுத்தாத்தான் புதுசு ஆறு தருவான், அரசாங்கச் சட்டமாம். போன வாரம் பூனை ஒண்ணை உருட்டி உடைச்சுடுச்சு. கம்பளத்துல தவழ்ந்து தவழ்ந்து கண்ணாடியைப் பொறுக்கிக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டுப் போனேன். "எதுக்கு அண்ணி இது?"ன்னான். "அடக்கி"ன்னேன். "பேரைச் சொல்லுங்க, ரிஜிஸ்டர்ல எழுதணும்." "அடக்கின்னு எழுதிக்க." அவனுக்குத்தான் எங்க வீட்டு மாமனார் யாருன்னு தெரியுமே, சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டான்.

இதெல்லாம் என்ன, வாலு பேரால நான் பட்டது தெரியுமா உனக்கு? நான் வந்த புதுசு. பஸ்ஸு எங்க ஊரைத் தாண்டிப் போகுது. 'நில்லு'ன்னு கத்தணும். கொழுந்தன் பேர்ல அந்த 'நில்லு' இருக்கே! வாயை மூடிக்கிட்டே ரெண்டு ஊர் தாண்டி இறங்கி, பனியில நடந்து வந்தேன். இன்னைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான் படுபாவி.

ஊசி போட்டா மாவு மாதிரிக் கிடக்கான். "வலி போச்சா?"ன்னு கேட்டேன். "போகல அண்ணி, அங்கயேதான் இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுக்காரன் வலி மாதிரி இருக்கு"ங்கறான். எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்கு, நான்தான் ஊசியே போட்டுக்கல.

நேத்து, "பஸ் எந்த நாள் வருது?"ன்னான். "உனக்கு யார் வர்றா?"ன்னேன். "சும்மா, ரோடு திறந்திருக்கான்னு கேட்டேன்"ன்னான்.

ரோடு திறந்துதான் இருக்கு, கனிஷாய்.

உன்மேல கோவமும் ஆசையும் சரிபாதியா உள்ள,
ஊல்கான்


பிஷ்கேக்
பிப்ரவரி 13, 2004

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்றும் கிடைத்தன. பதில் எழுத ஒன்றும் இல்லாததால் எழுதவில்லை.

மருந்தின் பெயர் மோர்ஃபின். முதுகெலும்பு ஓமுர்த்கா. மாமா பெயர் ஓமோர். எழுதிவிட்டேன். காகிதம் யாருக்கும் மருமகள் இல்லை. உங்களுக்கு வாயில் வராவிட்டால் இந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களிடம் நீட்டுங்கள்.

திங்கட்கிழமைகளில் ஓட்டலுக்கு மதியத்துக்கு மேல்தான் போகிறேன். காலையில் பெரிய டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கூப்பிட்டால் உள்ளே போய், எப்படி இருக்கிறார் என்று நீங்கள் எழுதியதைச் சொல்கிறேன். வலி வந்த பிறகு போடக்கூடாதாம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வருவதற்கு முன்பே போட வேண்டுமாம்.

வா வா என்று எழுதுகிறீர்கள். நான் எதற்காக வெளியே போனேன் என்று உங்களுக்குத் தெரியும். இருபது விருந்தாளிகளுக்கு நடுவில் அவர் குடித்துவிட்டு என் அப்பாவைப் பற்றிப் பேசினார். நான் எழுந்து அவர் பெயரைச் சொல்லி, வாயை மூடு என்றேன். ஒரே தடவை. பெட்டி பனிக்கு வெளியே வந்தது. நீங்களும் அங்கே தட்டு எடுத்துக்கொண்டு நின்றீர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறேன். 'ஏய்' இல்லை, 'அவ' இல்லை. கனிஷாய் என்று. அதுவரை பஸ் எந்த நாள் வந்தால் எனக்கென்ன.

மாமாவின் பல்லுக்கு உப்புத் தண்ணீர் நல்லது.

கனிஷாய்


கோக்-சாய்
பிப்ரவரி 24, 2004

கோவக்காரத் தங்கச்சிக்கு,

உன் கடுதாசியில மாமா பேரைப் பாத்ததும் பட்டுனு மூடி மாவு ஜாடிக்கு அடியில வச்சேன். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், மறந்துட்டியா? எல்லாத்தையும் ஏழாவது வரைக்கும் படிச்சவ மாதிரியே செய்யறே.

இங்க எல்லாம் நல்லபடியா இருக்கு. ரொம்ப நல்லபடியா இருக்கு. பழுப்பு மாடு கன்னு போட்டுச்சு, நெத்தியில வெள்ளை. வாலுவுக்குக் காட்டினோம். "என்னை மாதிரியே நிக்கத் தெரியாம நிக்குது"ன்னான்.

எசென் ஏதோ பயிற்சின்னு பத்து நாளைக்குப் போயிட்டான், அடக்கியும் தீந்து போச்சு. அதனால பக்கத்து வீட்டுக் காரை இரவல் வாங்கி, வாலுவை மெத்தையோட பின்னாடி படுக்க வச்சு, நானும் மாமாவும் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க புது டாக்டர், மீசை இப்பத்தான் முளைக்குது. மரியாதையான பிள்ளை. அடக்கி அங்கயும் உடனே எடுக்க முடியாதாம், அது பூட்டுல இருக்காம், மூணு கையெழுத்து வேணுமாம். அதுக்குச் சமமா புது மருந்து இருக்குன்னு ஒண்ணு போட்டார். குப்பியில இருந்ததைப் பாத்து எழுதறேன்: நல்புஃபின். இதுல மாமா பேர் இல்ல, தைரியமா எழுதறேன் பார்.

கொஞ்சம் வேர்த்துச்சு. கொஞ்சம் நடுங்கினான். அப்புறம் சரியாயிடுச்சு. இப்ப மறுபடி அடக்கியே போடறோம். நீ கவலைப்படாதே.

நீ எழுதினியே, நான் தட்டோட நின்னேன்னு. தட்டு நிறைய இறைச்சி இருந்துச்சு. கீழ வைக்க இடம் இல்ல.

வேற ஒண்ணும் விசேஷம் இல்ல.

ஊல்கான்


பிஷ்கேக்
மார்ச் 1, 2004

அக்கா,

இன்றைக்குத் திங்கட்கிழமை. டாக்டரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அந்தப் பெயரைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "இதை யார் கொடுத்தது? மோர்ஃபினில் இருக்கிறவனுக்கா?" என்றார். எனக்குப் புரியவில்லை என்றேன். மேஜை இழுப்பறைப் பூட்டைக் காட்டிச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

உடம்புக்குள் வலியை அடக்குகிற பூட்டு ஒன்றில்லையாம், பல உண்டாம். மோர்ஃபின் பெரும்பாலும் முதல் பூட்டுக்குச் சாவி. இந்தப் புது மருந்துக்கு இரண்டு வேலை. இரண்டாவது பூட்டைத் திறக்கும், வலி குறையும். முதல் பூட்டிலோ உடைந்த சாவி மாதிரி போய் மாட்டிக்கொள்ளும். தானும் சரியாகத் திறக்காது, வேறு சாவியையும் விடாது. அதுவரை எதுவும் போடாத ஆளுக்கு இது நல்ல மருந்துதானாம், மூச்சைக் கூட அதிகம் அமுக்காதாம். மாதக்கணக்கில் மோர்ஃபினில் இருக்கிறவனுக்குப் போட்டால், உள்ளே இருக்கிற மோர்ஃபினையெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே தள்ளிவிடும். மூடி வைத்த வலி முழுவதும் ஒன்றாக எழுந்து நிற்கும். வாந்தி, நடுக்கம், தோலை உரிக்கிற மாதிரி இருக்கும். "கொஞ்சம் வேர்த்ததாம்" என்றேன். "கொஞ்சமா?" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். எந்த டாக்டரும் முதலில் ஒரு கேள்வி கேட்பான், இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று. அந்தப் பையனும் கேட்டிருப்பான்.

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், அக்கா?

கனிஷாய்


கோக்-சாய்
மார்ச் 6, 2004

கனிஷாய்க்கு,

கேட்டார். நான் "அடக்கி"ன்னேன்.

ரெண்டு நாளா இதுக்கு மேல எழுத வரல. கன்னுக்குட்டியைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். இப்ப நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

மாமா பக்கத்துலயே நின்னார், தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு. வரிசையில ஊர்ப் பெரியவங்க நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க. டாக்டர், "என்ன அடக்கி?"ன்னார். "வலிக்குப் போடறது, எல்லாரும் போடறது"ன்னேன். "மாத்திரையா, ஊசியா?"ன்னார். "ஊசி, சாதாரண ஊசி"ன்னேன். உன் காகிதம் மாவு ஜாடிக்கு அடியில இருந்துச்சு. கொண்டு போகல. மாமா கண்ணுல பட்டுடும்னு பயந்தேன். இதுதான் நான் செஞ்சது. டாக்டர் அதை அனால்ஜின் மாதிரி லேசான வலி ஊசின்னு நினைச்சுட்டார். சீட்டைப் பாக்கலாமேன்னு கேப்பே. சீட்டு எசென்கிட்ட பூட்டுல இருந்துச்சு.

ஊசி போட்டு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. முதல்ல கொட்டாவி விட்டான். "பாரு, தூக்கம் வருது"ன்னு நான் சிரிச்சேன். அப்புறம் கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி. அப்புறம் காலை உதைக்க ஆரம்பிச்சான். ஆறு மாசமா திரும்பிப் படுக்க முடியாதவன், கட்டிலோட இரும்பைப் பிடிச்சு எழுந்து உட்கார்ந்துட்டான். அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். ஆடு அறுக்கறப்ப நானே தலையைப் பிடிச்சிருக்கேன், எனக்கு எதுவும் புதுசு இல்ல. இது வேற.

டாக்டர் மருந்து பத்தலைன்னு நினைச்சு ரெண்டாவது குப்பியை உடைச்சார். ஊசியில ஏத்தறார். தப்பு நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எப்படின்னு கேக்காதே. கத்திட்டேன். பஸ்ஸுல அன்னைக்குக் கத்தாததை. "நில்லு!"

டாக்டர் நின்னுட்டார். வாலு தலையைத் திருப்பினான். வாந்திக்கு நடுவுல, "அண்ணி என் பேரைச் சொல்லிட்டா"ன்னான். "பாதிதான் சொன்னேன்டா"ன்னேன்.

அப்ப மாமா என் பக்கம் திரும்பினார். "அந்த மருந்து பேர் என்ன, மருமவளே?"

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இருபத்திரெண்டு வருஷம். வாயில அப்படி ஒரு வார்த்தைக்கு இடமே இல்லாத மாதிரி இருந்துச்சு.

"என் பேருதானே அதுல இருக்கு? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எண்பது வருஷம் தேஞ்ச பேரு. சொல்லு. இன்னும் கொஞ்சம் தேயட்டும்."

சொன்னேன். மோர்ஃபின்.

டாக்டருக்குக் காது மந்தமோ என்னமோ, "என்ன?"ன்னார். மாமா, "சத்தமாச் சொல்லு, அங்க பெஞ்சுல இருக்கறவனுக்கும் கேக்கட்டும்"ன்னார். மறுபடியும் சொன்னேன். அந்தப் பிள்ளை முகம் சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி ஆயிடுச்சு. கையில இருந்த ஊசியைக் கீழ வச்சுட்டார். பூட்டுல இருந்த அந்த அடக்கிக்கு மூணு கையெழுத்தையும் தானே ஓடி ஓடி வாங்கினார். ஆனா அது உடனே கேக்கல, புது மருந்து இறங்கற வரைக்கும் கேக்காதாம். நீ எழுதின உடைஞ்ச சாவி. அஞ்சு மணி நேரம் ஆச்சு. மாமா ஒரு காலைப் பிடிச்சார், நான் ஒரு காலைப் பிடிச்சேன். டாக்டர் தலைமாட்டுல ஈரத்துணியோட உட்கார்ந்திருந்தார். பாவம், அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவர் கேட்டார், நான்தான் சொல்லல.

திரும்பி வந்து வாசல்ல இறங்கறப்ப மாமா, "முதுகெலும்பையும் இனிமே முதுகெலும்புன்னே சொல்லு. நடுக்கம்பு நடுக்கம்புன்னு கூடாரம் போடறவ மாதிரி"ன்னார். நான் சிரிச்சேன். சிரிப்பு வருது, எங்கேருந்து வருதுன்னு தெரியல. அழுகைதான் வரல. பால் கறந்தேன், சூப் வச்சேன், அவன் சட்டையைத் துவைச்சேன்.

அன்னைக்கு உன் பெட்டி வெளியே வந்தப்ப நான் தட்டைக் கீழ வச்சிருக்கலாம். இடம் இருந்துச்சு.

இதைப் படிச்சுட்டு நீ எனக்கு எழுதாட்டியும் சரி.

ஊல்கான்


பிஷ்கேக்
மார்ச் 12, 2004

அக்கா,

உங்களைத் திட்டி எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். வரவில்லை. அண்டாக்களைக் கழுவினேன். கொதிக்கிற தண்ணீரில் கை வைத்திருக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவள் சொல்லித்தான் தெரிந்தது. கொப்புளம் வந்திருக்கிறது. வலிக்கவில்லை.

நான் ஒரு பெயரைச் சொல்லி வீட்டை விட்டுப் போனேன். நீங்கள் ஒரு பெயரைச் சொல்லாமல் அந்த அறையில் நின்றீர்கள். யார் செய்தது பெரிது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நம் இருவருக்கும் அந்த வீட்டில் ஒரே வாயைத்தான் கொடுத்தார்கள் போலிருக்கிறது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார், இத்துடன் வைத்திருக்கிறேன். அதிகம் தூங்குவார், அது பரவாயில்லை என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். புல் முளைப்பதைப் பார்க்கமாட்டார் என்றார்.

அவர் என் பெயரைச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நௌரூஸ் பண்டிகை கழிந்து பார்க்கலாம். பழைய வீம்பு இல்லை இது. வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் 'ஏய்' என்று கூப்பிட்டால் நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை.

கன்றுக்குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

கனிஷாய்


கோக்-சாய்
மார்ச் 17, 2004, புதன், காலை

கனிஷாய், தண்ணியிலேருந்து கையை எடுத்துட்டுப் படி.

இந்தக் கடுதாசியைத் தபால்ல போடல. பஸ் டிரைவர் ஜோமார்ட் கையில கொடுத்து அனுப்பறேன், ஓட்டலுக்கே கொண்டுவந்து கொடுப்பான். போன வாரப் பனியில டெலிபோன் கம்பி அறுந்து கிடக்கு. நாளைக்குக் காலையில அவன் திரும்பறப்ப உனக்கு முன்சீட்டு. சீட்டுக் காசு கேட்டான்னா என் பேரைச் சொல்லு. என் பேரை யார் வேணும்னாலும் சொல்லலாம்.

உன் டாக்டர் எழுதின அளவுக்கு எசென் சரியாக் கொடுத்தான். வாய் திறந்து மருந்துப் பேரைச் சொல்லித்தான் வாங்கினேன். அவன் ரிஜிஸ்டரைக் கீழ போட்டுட்டு என்னைப் பாத்தான். அதுக்கப்புறம் வாலு நல்லாவே இருந்தான். வலி பக்கத்து வீட்டுக்கும் அப்பால, அடுத்த ஊருக்குப் போயிடுச்சுன்னான்.

ஞாயித்துக்கிழமை மதியம் அவனுக்கு உடம்பு துடைச்சுக்கிட்டிருந்தேன். கண் மூடியே இருந்துச்சு. முதுகைத் துடைக்கிறப்ப, "கனிஷாய்"ன்னான். நல்லாக் கேட்டுச்சு. 'ஏய்' இல்ல, 'அவ' இல்ல. உன் பேருதான். நான் கையை எடுக்கல. நான் அவ இல்ல, ஊல்கான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. "ம்"ன்னேன். "பெட்டி நனைஞ்சுடும், உள்ள எடுத்து வையி"ன்னான். மறுபடியும் "ம்"ன்னேன். அவ்வளவுதான், தூங்கிட்டான். உன் இடத்துல நின்னு ரெண்டு 'ம்' போட்டுட்டேன். அது உன்னுது. வந்து எடுத்துக்க.

இதை உனக்கு அன்னைக்கே எழுத உட்கார்ந்தேன். பஸ் புதன்கிழமைதானேன்னு இருந்துட்டேன்.

இன்னைக்கு விடியறப்ப ஊசி நேரம்னு போனேன். அவசியம் இல்லாம இருந்துச்சு.

எசென் வந்து ஒரு காகிதம் நீட்டினான். மிச்சம் நாலு குப்பி திருப்பிக் கொடுக்கணும், நோயாளி பேர் எழுதிக் கையெழுத்துப் போடணும். "நான் எழுதிக்கட்டுமா அண்ணி?"ன்னான். வேணாம், நானே எழுதறேன்னேன்.

வாசல்ல கூடாரம் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருப்போம். உள்ள, பொண்டாட்டி உட்காரற இடத்துல யாரையும் உட்கார விடல. இப்பத்தான் ஒரு கிழவி தெரியாம உட்காரப் போனா, நானே எழுப்பி விட்டேன். உன் பெட்டியை ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் எடுத்து என் கொட்டகையில வச்சேன், உனக்குச் சொல்லல. இப்ப அது கூடாரத்துக்குள்ள இருக்கு. நனையல.

கன்னுக்குட்டிக்கு இன்னும் பேர் வைக்கல. நீ வந்து வை.

நம்ம பக்கம் இந்த மாதிரிச் செய்தியை நேராச் சொல்றதில்ல, உனக்குத் தெரியும். மாமா பக்கத்துல உட்கார்ந்து, "பருந்து கையை விட்டுப் பறந்துடுச்சுன்னு எழுது. அவளாப் புரிஞ்சுக்குவா"ன்னார். எழுதப் போனேன். அடக்கின்னு சொன்னதும் அந்த டாக்டர் தானாப் புரிஞ்சுக்கிட்ட மாதிரிதானே நீயும் புரிஞ்சுக்குவே. அதனால எழுதல. மாமாகிட்ட கேட்டேன். எழுதுன்னார்.

தொக்தோசுன் செத்துட்டான்.

முன்னாடி பிறந்த மூணும் தங்கலைன்னு, இவனாவது நிக்கட்டும்னு வச்ச பேரு. எழுத்து சரியா இருக்கான்னு வந்து பாத்துச் சொல்லு. கல்லுல வெட்டணும். இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன்.

ஊல்கான்